கூப்பிடாத வீட்டுக்குள் நுழைவது எப்படி

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஓர் இணைய இதழ் கேட்டது: 'பழைய ஜப்பானிய ரோல்பிளே வீடியோ கேம்களைப் புதிதாக ஆட வருபவர்களுக்கு ஆலோசனை எழுதுங்கள். எளிமையாக, ஜாலியாக.' எளிமைக்கு நான் உத்தரவாதம். ஜாலிக்கு இல்லை. உதாரணத்துக்கு இருக்கட்டும் என்று என் அக்கா மலர்கொடியை உள்ளே கொண்டுவந்தேன். அவள் கட்டுரையை உடைத்துவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: 'நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் சில இளைஞர்கள்—'

வேண்டாம். அதை நீங்களே தேடிப் படித்துக்கொள்வீர்கள்.

இரண்டாவது: 'நெய்வேலியின் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன்—'

சே. இங்கே பிறந்தவள் எவளும் புகைபோக்கியை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மூன்றாவது: அக்காவின் டிப்ளமோ சான்றிதழ்கள் மேல்பட்டாம்பாக்கத்தில், அவள் பிரிந்து வந்த புருஷன் சசிகுமாரின் வீட்டு பீரோவில் இருக்கின்றன. திங்கட்கிழமை அசலைக் காட்டினால்தான் அவளுக்கு வேலை. கேட்டால், "வந்து எடுத்துக்கோ" என்கிறான். போனாள், கேட் வரைக்கும். உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமியார் திரும்பி அவளைப் பார்த்தார். மறுபடியும் டிவியைப் பார்த்தார். 'வா' என்று சொல்லவில்லை. அக்கா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பி வந்து பஸ் ஏறிவிட்டாள்.

சரி, இதுவே இருக்கட்டும்.

3

இனி ஆலோசனை. பழைய கேம் உங்களுக்கு வழி காட்டாது, அம்புக்குறியெல்லாம் கிடையாது. ஊரில் எல்லோரிடமும் பேசுங்கள், சொன்னதையே சொல்கிறவர்களிடமும். ஆட்டத்தைச் சேமிக்கும் இடம் கண்ணில் பட்டால் உடனே சேமியுங்கள். நல்ல மருந்தைக் கடைசிச் சண்டைக்கென்று பதுக்காதீர்கள். அதற்கு முன்பே செத்துப்போவீர்கள். எதிரி பெரியவனா, ஓடுங்கள். ஓடுவதற்கென்றே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஊருக்கு வெளியே சின்னப் பிராணிகளோடு திரும்பத் திரும்ப மோதினால் பலம் கூடும்.*

*என் அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலையிலேயே கிழவரானார். திரும்பத் திரும்பச் செய்தால் பலம் கூடுவது கேமில் மட்டும்தான். (இதை ஆசிரியர் வெட்டுவார். வெட்டட்டும்.)

4

மனசு கொஞ்சம் லேசாகட்டும் என்று அக்காவின் போனில் ஒரு கேமை ஏற்றிக் கொடுத்தேன். நாலைந்து நாளாகியும் முதல் ஊரைத் தாண்டவில்லை.

"இன்னாக்கா, இன்னும் இங்கயே சுத்திக்கினு இருக்க?"

"தெருவுல இருக்கிற அத்தினி பேர்கிட்டயும் பேசிட்டேன்டி. எல்லாரும் மழ வரும், மழ வரும்ங்கிறாங்க."

"வூட்டுக்குள்ள போனியா?"

"யாரு வூட்டுக்குள்ள?"

"எல்லார் வூட்டுக்குள்ளயுந்தான். போயி பெட்டியத் தொற, பானைய உருட்டு. ஊரத் தாண்டறதுக்கான சாவி ஏதோ ஒரு வூட்லதான் இருக்கும்."

"கூப்புடாம எவளாவது அடுத்தவங்க வூட்ல பூருவாளா? திருடறதுக்குத்தான் உன்ன பி.எஸ்சி. படிக்க வெச்சாங்களா?"

"ஐயோ, அது பொம்மைக்கா!"

"பொம்மைன்னா அதுக்கு வூடு இல்லியா?"

சிரித்துவிட்டேன். பிறகு கோபம் வந்தது, அவள்மேல் இல்லை. அம்மா டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் பாத்திரம் தேய்த்த காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே நிற்போம். கூப்பிட்டால்தான் உள்ளே. அந்த வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சில நாள் கூப்பிட்டு பிஸ்கட் கொடுப்பார்கள். கூப்பிடாத நாளில் நின்றோம். நான் காலேஜுக்குப் போய் அதை மறந்து—

பொய். மறக்கவில்லை. முறைத்துக்கொண்டே நுழையப் பழகினேன், அவ்வளவுதான். அக்கா அதைப் பழகவில்லை.

'எல்லா வீட்டுக்குள்ளும் நுழையுங்கள்.' எந்த வழிகாட்டியை எடுத்தாலும் இதுதான் முதல் வரி. எழுதியவன் எவனும் கேட்டுக்கு வெளியே நின்றிருக்க மாட்டான்.

5

முடிவு வேண்டுமே. இரண்டு எழுதினேன்.

(அ) கேமில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறாள், தைரியம் வருகிறது, மறுநாள் மேல்பட்டாம்பாக்கம். [அடித்துவிட்டேன். கேம் யாரையும் அப்படித் திருத்தாது.]

(ஆ) நானே போகிறேன். மாமியாரை நாலு கேள்வி கேட்டு, பீரோவைத் திறந்து எடுத்து வருகிறேன். எழுதும்போது அருமையாக இருந்தது. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நீ போனா அது உன் கத. என் சர்டிபிகேட்டுக்கு நீ எதுக்குடி மல்லுக்கட்டற?"

"அப்ப நீ போ."

"போறேன். ஆனா என்ன வீராங்கனையா எழுதாத. அழுமூஞ்சியாவும் எழுதாத."

"பின்ன எப்பிடித்தான் எழுதறது?"

"பஸ் ஏறுனான்னு எழுது. அதுக்கு மேல உனக்கு இன்னா தெரியும்?"

6

பஸ் ஏறினாள்.

இன்று சனிக்கிழமை. இந்நேரம் இறங்கியிருப்பாள். நான் போன் செய்யவில்லை.

மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மாமியாரை நல்லவராக்குங்கள், பொல்லாதவராக்குங்கள். சசிகுமாரை வீட்டில் உட்கார வையுங்கள், வேலைக்கு அனுப்புங்கள். பீரோவைப் பூட்டியே வேண்டுமானாலும் வையுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இரக்கப்பட்டு, உள்ளேயிருந்து யாரையும் 'வா' என்று கூப்பிட வைத்துவிடாதீர்கள்.