உதடு அசையாமல் ஒரு வரி வராது

எங்கள் யாங்கோனில் படிப்பது என்றால் கத்துவது. போட்டாதாங் பேட்டை டியூஷனில் நாற்பது பேர் சேர்ந்து உயிரியல் பாடத்தைக் கூரை அதிரக் கத்துவோம். பாதி புரியாது, ஆனால் ஒரு சொல் தவறாது. அதில் இந்துமதியாகிய நான்தான் முதல் ஆள்.

அந்தப் பெருமை போன வருட மெட்ரிக் பரீட்சையில் மண்ணாய்ப் போனது. பரீட்சைக் கூடத்தில் கத்த முடியுமா? சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தேன். பக்கத்துப் பெண்ணுக்கு விடை சொல்கிறேன் என்று நினைத்த கண்காணிப்பாளர், இன்னொரு முறை வாய் அசைந்தால் தாளைப் பிடுங்கிவிடுவேன் என்றார். வாயை மூடினேன். மூளையும் மூடிக்கொண்டது. உயிரியலில் தோற்றேன்.

இந்த முறையும் தோற்றால் லத்தா பேட்டையில் அப்பாவின் மசாலாக் கடைதான். அப்பா வைத்திலிங்கம் திட்டவில்லை. ஜூன் மாதத்திலிருந்து மகள் கடைக்கு வருவாள் என்று வாடிக்கையாளர்களிடம் இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை மூடிப் படித்துப் பழகச் சொன்னாள் தோழி சமீனா. ஒரு மாதம் பழகிப் பார்த்தேன். ஒரு வரி தேறவில்லை.

உயிரியல் பரீட்சையன்று மணி அடிக்கும் முன்பே புதிய கண்காணிப்பாளரிடம் போனேன். உதடு அசையாமல் எனக்கு எதுவும் நினைவு வராது, யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் உட்கார வையுங்கள் சயாமா என்று பர்மிய மொழியில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஆசிரியையைச் சயாமா என்றுதான் அழைப்போம். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் மேஜையைத் தன் மேஜைக்கு எதிரிலேயே இழுத்துப் போடச் சொன்னார்.

முதல் கேள்விக்கு உதட்டை அசைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆனாலும் நான் நிறுத்தவில்லை. அவர் தன் தாள்களைப் பார்க்கக் குனிந்துகொண்டார். பாடம் வரிவரியாக வந்தது. கூடுதல் தாள் மூன்று முறை கேட்டு வாங்கினேன்.

முடிவு ஒட்டிய அன்று அப்பா பலகைக்கு அருகில்கூட வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து, அவர் விரலை என் எண்ணின்மேல் வைத்தேன். பக்கத்திலேயே உயிரியலில் சிறப்புத் தேர்ச்சி என்று இருந்தது. அப்பா அதை இரண்டு தரம் படித்தார். எனக்கு அழுகை பொங்கியது, அடக்கவில்லை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கடைக்கு வேற ஆளத்தான் பாக்கணும் போலருக்கு."