மூட்டைக்காரியின் குரல்

நான் குரல் கொடுத்துப் பிழைக்கிறவள். பற்பசை விளம்பரத்தில் சிரிக்கும் மருமகள், பேருந்து நிலையத்தில் "பயணிகளின் கவனத்திற்கு" என்கிறவள், கார்ட்டூனில் அழுகிற வாத்துக்குட்டி, எல்லாம் நான்தான். ஆறு வருடங்களுக்கு முன், பள்ளிகளுக்கான ஒலிப்பாடம் ஒன்றில் மூட்டைக்காரியாகவும் பேசினேன். கதையில் பிள்ளைகளை ஏமாற்றிச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறவள் அவள்.

முதலில் சாதாரணமாகத்தான் பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் உதட்டைப் பிதுக்கினார்.

"பயமே வரலைம்மா. துறைமுகத்துக்காரங்க மாதிரி இழுத்துப் பேசுங்க. யாருன்னு பசங்களுக்கு டக்குன்னு புரிஞ்சிடும்."

துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் வாழும் அந்தக் கறுத்த, சுருள்முடி மனிதர்கள் வேறு இனம். கப்பலேறி வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. நம் மொழிதான் பேசுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லின் வாலையும் கொஞ்சம் இழுத்து விடுவார்கள். இரண்டு நாள் அவர்கள் பக்கத்துச் சந்தையில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். ஒரு பெண் எனக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தாள். மூன்றாம் நாள் நான் பேசியதும் இன்ஜினியர் எழுந்து நின்று கைதட்டினார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன வருடம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அவர் லிஃப்ட் மெக்கானிக். முதல் மனைவி இறந்து நாலு வருடம். ஏழு வயதில் ஒரு மகள். உருண்டையாகப் பிறந்ததால் பட்டாணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளுடைய நிஜப் பெயர் பள்ளிப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. பட்டாணியைப் பெற்றவள் துறைமுகத்துக்காரி.

அம்மாவின் நிறமும் அம்மாவின் முடியும் அவளுக்கு. வேறொன்றும் இருந்தது. மூன்று வயதுக்குள் அம்மாவிடம் எப்படித்தான் பிடித்துக்கொண்டாளோ, "பாலூ போதூம் சித்தீ" என்பாள். எனக்கு அப்படியே அவளைக் கடித்துத் தின்றுவிடலாம் போல இருக்கும்.

அவருடைய பழைய போனில் நாற்பது நொடி ஒலிப்பதிவு ஒன்று உண்டு. அந்த அம்மாவின் குரலில் மிஞ்சியது அவ்வளவுதான். "பட்டாணீ, கையை நுழை. அந்தக் கை இல்லடீ, இந்தக் கை. ஐயோ தங்கமே, ஸ்வெட்டரையே திருப்பிப் போட்டுட்டேனே!" அப்புறம் ஒரு சிரிப்பு. தூரத்தில் யாரோ இருமுகிறார்கள். முடிந்தது.

பள்ளி விட்டு வந்ததும் சீருடையைக்கூடக் கழற்றாமல் பட்டாணி அதைக் கேட்பாள். நான் பின்னால் உட்கார்ந்து, எண்ணெய் தடவி அவள் முடியின் சிக்கெடுப்பேன். மூன்று பேரும் சேர்ந்து இருக்கும் நேரம் அது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஒரு திங்கட்கிழமை அவள் போனைக் கேட்கவில்லை.

"என்னடா, அம்மாகிட்ட பேசலையா?"

"வேண்டாம்."

"யார்கூட சண்டை?"

"இன்னிக்கு கிளாஸ்ல கதை போட்டாங்க. மூட்டைக்காரி பேசினதும் எல்லாரும் என்னையே திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க." தலையைத் திருப்பாமலே கேட்டாள். "சித்தீ, அம்மா ஏன் மூட்டைக்காரி மாதிரி பேசுறாங்க? அம்மாவும் பிள்ளை பிடிச்சாங்களா?"

சீப்பு முடியிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. என்னால் இழுக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

மறுநாள் காலை அவளுடைய டீச்சரைப் பார்க்கப் போனேன். நல்ல பெண். என்னை உட்காரவைத்து, பாடப்புத்தகத்தைத் திறந்து காட்டினார். மூட்டைக்காரி எப்படிப்பட்டவள்? விடை: அழுக்கானவள், தந்திரக்காரி.

"கதைதானே மேடம். பசங்க விளையாட்டா எதையாவது சொல்லுவாங்க. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

"அந்தக் குரல் என்னோடது, டீச்சர்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடேயப்பா, நீங்களா! இத்தனை நாள் சொல்லவே இல்லையே! ஒரு நாள் கிளாசுக்கு வந்து பேசிக் காட்டுங்களேன், பசங்க குதிப்பாங்க!"

படியிறங்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். குழந்தையிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. மூட்டைக்காரி என்று ஒருத்தியே கிடையாது, அது சித்தியின் தொண்டை செய்த வித்தை என்று தெரிந்துவிட்டால், அம்மா அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடுவாள். அப்படித்தான் நம்பினேன்.

சாயங்காலம் அவளை சமையல் மேடைமேல் உட்காரவைத்தேன். "இங்க பாரு, மூட்டைக்காரி யாருன்னு காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பேசினேன். "வாடா கண்ணூ, சாக்குக்குள்ள இடம் இருக்கூ."

பட்டாணி என் வாயையே பார்த்தாள்.

"நான்தான்டா அது. ஒரு மாமா சொன்னாருன்னு, உங்க அம்மா ஊர்க்காரங்க பேசற மாதிரி சும்மா பேசினேன். தப்பு என்மேல. அவங்க யாரும் பிள்ளை பிடிக்கிறவங்க இல்ல."

அவள் கையை நீட்டி என் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ போன்ல இருக்கறதும் நீங்கதானா?"

"ஐயோ, இல்லடா! சத்தியமா அது உன் அம்மா!"

"நீங்க யார் மாதிரி வேணா பேசுவீங்களே. வாத்துக்குட்டியும் நீங்கதானே?"

எந்தக் குரலில் சொன்னால் அவள் நம்புவாள்?

அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கிரீஸ் கறையோடு அப்படியே அவள்முன் மண்டியிட்டார். "அது அம்மாதான்டா. அப்பாதான் எடுத்தேன். இருமறது நான்தான், கேளு." போனை அவள் காதருகே வைத்தார். அவள் கேட்டாள். பெரியவர்கள் மனம் நோகக் கூடாது என்று குழந்தைகள் தலையாட்டுவார்களே, அப்படித் தலையாட்டினாள். பிறகு போனை அவருடைய சட்டைப் பையில் தானே போட்டுவிட்டாள்.

அவர் என்மேல் கோபப்படவில்லை. கை கழுவிக்கொண்டே, "என்கிட்டயாவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். ரொம்ப நேரம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒலிப்பாடத்தை மாற்றும்படி நிறுவனத்துக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. நேற்று வேறு ஒரு வகுப்பில் அதைப் போட்டிருப்பார்கள். நாளையும் போடுவார்கள்.

பட்டாணி இப்போது பள்ளியிலிருந்து வந்ததும் சீருடையை மாற்றி, வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிடுகிறாள். சிக்கெடுக்கும்போது அழுவதில்லை. நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்று டீச்சர் சொல்கிறார்.

இன்று காலை டம்ளரில் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"பால் போதும் சித்தி."

கேட்காதவள்போல இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். "என்னடா சொன்னே?"

"போதும்" என்றாள், கத்தரித்தாற்போல.

பால் டம்ளரின் விளிம்புக்கு வந்துவிட்டது. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன், இன்னும் ஒரே ஒரு தடவை அவள் சொல்லட்டும் என்று.