முதலிடத்தில் இருக்கும் குரல்

1.
ஸ்டுடியோ. சுழல் நாற்காலியில் ஒலிப்பதிவாளர். சோபாவில் அக்காவும், பாட்டுக் குழுவை நடத்தும் அவள் கணவர் அத்தானும். ஒயர் சுருள்களுக்குப் பக்கத்தில், தரையில், தங்கை. (நாற்காலி இல்லாமல் இல்லை. அதில் மேளம் உட்கார்ந்திருந்தது.)

நான் அங்கே இல்லை. தங்கையின் பக்கத்து வீட்டுக்காரன். கடிதம் எழுதித் தரச் சொல்லி வந்த தங்கை கொட்டித் தீர்த்ததுதான் இந்தக் கதை.

2.
"இசை என்பது பெருங்கடல், அதில்..."

என்று தொடங்கி, அடித்துவிட்டேன். கடலாவது மண்ணாவது!

இவர்களுடைய நாட்டுப்புறப் பாட்டு ஆல்பம் விற்பனையில் முதலிடம். காரணம் ஒரே பாட்டு. ஸ்டுடியோவில் தங்கை முதலில் ட்ராக், அதாவது மாதிரிக்கு, பாடுவாள். அதைக் கேட்டு அக்கா பாடுவாள். பிறகு பதிவில் தங்கையின் குரலை அடைத்துவிடுவார்கள். அந்தப் பாட்டில் மட்டும் ஒலிப்பதிவாளர் கைமறதியாக அடைத்தது அக்காவின் குரலை. யாருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கே தெரியவில்லை. தன் குரல் என்று கேட்டுக் கண் கலங்கினாளாம்!

3.
தங்கைக்கு மட்டும் தெரிந்தது. பாடியவர் பெயர் போட்ட ஆல்பம் அட்டை மறுபடி அச்சுக்குப் போகிறது என்றதும் ஸ்டுடியோவுக்கே போய்விட்டாள். ஒலிப்பதிவாளர் போட்டுக் கேட்டார். "ஆமாங்க, மாறிப்போச்சு" என்றார்.

"அந்தப் பாட்டுக்கு என் பேரைப் போடுங்க."

"இப்பப் போய்ச் சொன்னா ஊரே சிரிக்கும்மா" என்றார் அத்தான்.

"என் பேரைச் சொல்லிட்டுச் சிரிக்கட்டும் அத்தான்."

"ரெண்டும் ஒரே வீட்டுக் குரல்தானேடி" என்றாள் அக்கா.

"அப்போ எல்லாப் பாட்டுக்கும் என் பேரையே போடு. ஒரே வீடுதானே!"

[இங்கே அக்கா பக்கத்து நியாயத்தையும் எழுதவேண்டும். எழுதினேன்: தங்கைக்குப் பாடச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். உண்மை. என் கோபம் கூடியதுதான் மிச்சம்.]

4.
முடிவுகள்.

அ) அக்கா மேடையேறி உண்மையைச் சொல்கிறாள். (சினிமா.)

ஆ) தங்கை விட்டுக்கொடுக்கிறாள், இருவரும் கட்டிப்பிடித்து... பேனாவை உடைக்கத் தோன்றியது.

இ) நடந்தது. ஆல்பம் வெளியிட்ட கம்பெனிக்குத் தங்கை சொல்லச் சொல்ல எழுதினேன்: "என் பெயரைப் போடுங்கள். இல்லையென்றால் என் குரலை எடுத்துவிட்டு, அக்கா பாடியதையே வெளியிடுங்கள். அது உங்களிடம் இருக்கிறது."

அதை அப்படியே போனில் அக்காவுக்குப் படித்துக் காட்டினாள். "அதைப் போட்டா விக்காதுடி" என்றாள் அக்கா.

"அதையும் எழுதட்டுமா அக்கா?"

போன் துண்டிக்கப்பட்டது.

கம்பெனி எந்தக் குரலை வைத்துக்கொள்ளும்? நான் எழுத மாட்டேன். வாங்குகிறவர்கள் நீங்கள், நீங்களே சொல்லுங்கள். அவள் உறையை ஒட்டி, உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினாள். தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.