ஐம்பதா, அறுபதா?

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு வாரமாகவே மனசு சரியில்லை. கூட வேலை பார்ப்பவன் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். சிறுவயதில் மெக்கானிக்கும் அவன் அக்காவும் அடித்துக்கொண்டு விளையாடிய வீடியோ கேம் பெட்டி, நொடிக்கு அறுபது முறை படம் காட்டுவதற்காகச் செய்ததாம். நம் நாட்டு டிவிகளுக்காக அதை ஐம்பதாகக் குறைத்து விற்றுவிட்டார்களாம். அதனால் ஆட்டமும் மெதுவாகத்தான் ஓடுமாம்.

“அப்ப இத்தனை வருஷமா நாங்க ஆடினது?”

“ஸ்லோமோஷன்டா அது!”

அந்த ஆட்டத்தில் ஒரு தொங்குபாலம் வரும். அக்கா அதில் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவாள். அவன் தொப்பென்று விழுவான். அக்கா கெட்டிக்காரி, தம்பி மக்கு என்று வீட்டில் முடிவானதே அந்தப் பாலத்தில்தான். அதுவே பொய் என்றால்?

விடுமுறை நாளில் பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தான். படம் காட்டும் சிப்பின் ஒரு காலை மெல்ல நிமிர்த்தி, அதில் வயரைப் பற்றவைத்து, பின்பக்கம் துளை போட்டு ஒரு குட்டி சுவிட்சைப் பொருத்தினான். இந்தப் பக்கம் தள்ளினால் ஐம்பது, அந்தப் பக்கம் அறுபது.

“ஊர் லிஃப்ட்டையெல்லாம் சரி பண்றீங்க. வீட்டுல மட்டும் நல்லா இருக்கறதப் பிரிச்சுப் போடுங்க” என்றாள் மனைவி.

அறுபதில் போட்டதும் திரையின் மேலும் கீழும் இருந்த கறுப்புப் பட்டை காணாமல் போனது. பாட்டு, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடியது. அவனுக்குக் கை பரபரத்தது. அக்காவுக்கு போன் போட்டான்.

அக்கா ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். அன்று லீவு. வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் சம்மணமிட்டாள்.

“குடுடா சுண்டு.”

பாலம் வந்தது. அக்கா குதித்தாள். விழுந்தாள். மறுபடியும் விழுந்தாள்.

“என்னடா பண்ணித் தொலைச்ச?”

அவன் விளக்கினான். சிரிப்பை அடக்கிக்கொண்டு தானும் ஆடினான். அவனும் விழுந்தான். சிரிப்பு அடங்கிவிட்டது.

“பழையபடி மாத்து” என்றாள் அக்கா.

மாற்றினான். அறுபதைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு இப்போது பாலம் நகரவே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நடப்பது போல இருந்தது. அக்கா அவசரப்பட்டுக் குதித்து விழுந்தாள். அவனும் அப்படியே விழுந்தான்.

“வயர் ஏதாவது விட்டுப்போச்சாடா?”

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவனை இன்னும் குழப்பியது. மூடிவிட்டு மறுபடியும் ஆட்டத்தைப் போட்டான். ஐம்பதும் கைக்கு வரவில்லை, அறுபதும் வரவில்லை.

“நான் நெஜமாவே நல்லா ஆடினேனா, இல்ல அது மெதுவா போனதாலயா?” அக்கா திரையைப் பார்த்தபடியே கேட்டாள். அவள் குரல் இறங்கி அவன் கேட்டதே இல்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தான். வந்தது வேறு என்னவோ.

“நீ நல்லாத்தான் ஆடின. அப்ப நானும் அதே வேகத்துலதானே ஆடினேன்?”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. அக்கா அவனை ஒரு மாதிரி பார்த்தாள்.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சுவிட்சை அறுபதுக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். அவள் இதைத் தொட்டதே கிடையாது. முதல் தடவை விழுந்தாள். அடுத்த தடவை பாலத்தைத் தாண்டிவிட்டாள்.

“இதுக்கா ரெண்டு பேரும் இந்தப் பாடு படறீங்க?”

“எப்படிம்மா தாண்டின?” அக்கா நகர்ந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“தெரியல அண்ணி. வந்துச்சு, குதிச்சேன்.”

“எங்க, இன்னொரு தடவை காட்டு.”

இருவரும் தோளோடு தோள் ஒட்டி மாறி மாறி ஆடத் தொடங்கினார்கள்.

“நான் எப்ப ஆடறது?” என்று கேட்டான் அவன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.