வாசல்தோறும் நின்ற மணி

பந்தயப் பாதையைப் போட்டவன் நான். அந்தப் பாதையில் நட்டநடுவே நின்றுபோனதும் என் குதிரைதான்.

திண்டுக்கல் ஜட்கா பந்தயத்தை மூன்று வருடமாக ஒருவரும் சீண்டவில்லை. வடமதுரை ரோட்டில் ஓடுவோம். பார்க்க எங்கள் மச்சினன்மார்களும் நாலைந்து ஆடுகளும் இருக்கும். "சனம் ரோட்டுக்கு வரலைன்னா நாம தெருவுக்குள்ள போவோம்" என்று வண்டி ஸ்டாண்டில் பிரசங்கம் செய்து, ஐம்பத்தெட்டாம் வருடப் பொங்கலுக்கு ஊருக்குள்ளேயே பாதை போட்டேன். நான் தினமும் சவாரி போகிற வழியையே போட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. என் மணி கண்ணை மூடிக்கொண்டு ஓடுவாள். எனக்குப் போட்டி வண்டிக்காரன் நூர் அகமதுவின் வெள்ளைக் குதிரை திருதிருவென்று முழிக்கும்.

அந்த வெள்ளையைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். ஆறு வருடமாக என் வண்டியில்தான் ஆனந்தமேரி டீச்சர் பள்ளிக்கூடம் போகிறார். நான் இன்னும் 'வண்டிக்காரரே'தான். மழை நாளில் ஒரே ஒரு தடவை ஏற்றிப் போனவனை, "நூர் அகமது குதிரை என்னமாப் போகுது!" என்று பேர் சொல்லிப் புகழ்ந்தார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொடி அசைந்ததும் மணிதான் முதலில் பாய்ந்தாள். தபாலாபீஸ் வாசலில் நின்றாள். லகானைச் சுண்டினேன்; கெஞ்சினேன். யாரும் ஏறவில்லை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் கிளம்பினாள். அடுத்து வக்கீல் வீட்டில் நின்றாள். தினமும் ஆள் ஏற்றுகிற ஒரு வாசலையும் விடவில்லை. மாடி மாடியாக சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டீச்சர் வீட்டில் நின்றபோது, அவரும் பழக்கதோஷத்தில் குடையோடு படியிறங்கி வந்துவிட்டார். வெள்ளை எங்களைத் தாண்டிப் பறந்தது.

மறுநாள் ஸ்டாண்டில் நூர் அகமது ஜெயித்த கோப்பையைத் துடைத்துக்கொண்டே முனகினான். "ஏலே ராயப்பா, அடுத்த வருசமும் பந்தயம் வையின்னு ஊரே கேக்குது. உன் குதிரையப் பாக்கத்தாம்லே. ஜெயிச்ச என்னைய ஒரு பய விசாரிக்கல."

எனக்கு அதில் மனசு போகவில்லை. லீவு முடிந்து டீச்சர் எவன் வண்டியில் ஏறுவார்? வழியில் பார்த்து இரண்டு தடவை கேட்டேன். "பாப்போம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அவர் வாசலில் நின்றேன். எதிர்ச்சாரியில் வெள்ளையும் சவாரிக்குக் காத்திருந்தது.

"டீச்சர், யார் வண்டின்னு பட்டுனு சொல்லிருங்க. நான் தாங்கிக்கிருவேன்."

டீச்சர் குடையை மடக்கினார்.

"அவரு குதிரை ஜெயிக்கும், ராயப்பராஜ். ஆனா என் வாசல்ல நிக்காது. எனக்கு நிக்கிற குதிரைதான் வேணும்."