சுழி மேல் போட்ட பழி

பந்தயத்தில் வண்டி கவிழ்ந்த மறுநாளே குதிரைக்குக் கெட்ட சுழி வந்துவிட்டது. அதுவரை அது நல்ல சுழியாகத்தான் இருந்தது. பெங்களூரில் போலோ விளையாடி ஓய்ந்த செர்ரி என்ற அந்தக் குதிரையை அருப்புக்கோட்டைக்குக் கொண்டுவந்து இறக்கிய அன்று, தரகர் சங்கையா அதன் நெஞ்சு மயிரில் இருந்த சுழியைத் தடவி, "அண்ணாச்சி, வீட்டுக்கு லட்சுமியக் கொண்டாந்து சேக்குற சுழி இது" என்றார். புண்ணாக்குக் கடை ராஜகுரு அந்தச் சுழிக்குச் சந்தனம் வைத்துக் கும்பிட்டார். இப்போது அதே சுழி ஆளைக் கவிழ்க்கும் சுழியாம். ராஜகுருவின் மனைவி சுபத்ராவுக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? வாங்கியதோடு ராஜகுருவின் வேலை முடிந்தது. வளர்த்தவள் அவள். விடியுமுன் எழுந்து குளம்பில் அப்பிய சாணியையும் சரளையையும் நோண்டி எடுப்பாள். ஓடிவிட்டு வந்தால் முழங்காலுக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர் விட்டு, நரம்பு வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். மட்டை சிக்காமலிருக்கப் போலோக் குதிரைக்குப் பிடரியை மழித்துவிடுவார்கள். அதைப் பார்த்து மொட்டைக் குதிரை என்று சிரித்த தெருவின் முன்னாலேயே அந்தப் பிடரியை வளர்த்து வாரிவிட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் கயிற்றைப் பிடித்து நடத்திப் போகையில், பால்காரரின் மொபெட் பக்கத்தில் ஒட்டி வந்தது. செர்ரி மிரளவில்லை, உதைக்கவில்லை. தோளை வைத்து நிதானமாக ஒரு தள்ளு தள்ளியது. பால்காரரைக் கருவேலம் புதருக்குள் இருந்துதான் இழுத்து எடுக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் போனில் போலோ ஆட்டத்தைத் தேடிப் பார்த்தாள். பந்துக்கு வருகிற எதிராளியின் குதிரையைத் தோளால் முட்டி விலக்குவது அங்கே பாதி ஆட்டம். நன்றாகத் தள்ளிய குதிரைக்குக் கழுத்தில் தட்டிக் கொடுக்கிறார்கள். வருடக்கணக்காய்த் தட்டிக் கொடுத்துப் பழக்கியது ஒரு கோடைக்குள் மறந்துபோகுமா?

"பக்கத்துல வண்டி ஏறுனா இது தள்ளும்ங்க. இந்தக் கோயில் கொடைப் பந்தயத்துல ஓட்டாதீக. நான் கொஞ்சங்கொஞ்சமா மாத்திக் காட்டுறேன்" என்று கணவரிடம் சொன்னாள்.

"போன்ல பாத்துட்டு எனக்குப் பாடம் எடுக்காத. நோட்டீஸ்ல என் பேரு வந்தாச்சு" என்றார் ராஜகுரு.

எம்.ரெட்டியபட்டி ரோட்டில் பந்தயம். செர்ரிதான் முன்னால் போனது. பின்னால் வந்த வண்டி பக்கவாட்டில் ஏறியதும், தனக்குச் சொல்லிக் கொடுத்ததை அது செய்தது. சக்கரத்தோடு சக்கரம் சிக்கி வண்டி கவிழ்ந்தது. வண்டியை ஓட்டிய சாரதி வீரணனுக்குக் கை முறிந்தது. செர்ரி எழுந்து நின்று, தட்டிக் கொடுப்பார்கள் என்று கழுத்தை நீட்டியது. கிடைத்தது சாட்டைக்கம்பு.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கோணல் சுழிக்கு வந்தது. கெட்ட சுழி என்று பேர் விழுந்த குதிரையை யாரும் கட்டி வளர்க்க மாட்டார்கள். செங்கல் சூளையில் லோடு இழுத்துத் தேயும், கால் போனதும் ரோட்டில் அவிழ்த்துவிடுவார்கள். இது ராஜகுருவுக்கும் தெரியும். தெரிந்துதான் சங்கையாவை வரச் சொன்னார்.

புண்ணாக்குக் குடோன் வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. பீடை ஒழிவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று, மாவுக்கட்டுக் கையோடு வீரணனும் வந்திருந்தான். சங்கையா கயிற்றை அவிழ்த்தார். சுபத்ரா போய் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"குதிரைய ஏத்துங்க. சுழின்னு சொல்லி ஏத்தாதீக."

"இதெல்லாம் சாஸ்திரம் தாயி. ஒனக்குத் தெரியாது" என்றார் சங்கையா.

"வாங்குறப்ப லட்சுமி, விக்கிறப்ப மூதேவியா? ஒரே நெஞ்சுதானண்ணே, ஒரே சுழிதான?" என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள். "இது தள்ளும், ஓட்டாதீகன்னு நான் சொன்னேனா இல்லையா? அத இவுக முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லிட்டு வித்துக்கிருங்க. கயித்த விட்டுர்றேன்."

"உள்ள போ" என்றார் ராஜகுரு.

அவள் போகவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி கையிலிருந்து கயிற்றைப் பிடுங்க ராஜகுருவுக்குக் கூச்சமாக இருந்தது. வீரணன் மட்டும் குதிரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, மதினி சொல்றது நெசமா? தெரிஞ்சேவா என்னைய ஏத்திவிட்டீக?"

ராஜகுரு ஆட்டோ பக்கம் திரும்பிக்கொண்டார். லோடு ஆட்டோக்காரரிடம், "நீ கெளம்புப்பா" என்றார். வண்டி பின்வாங்கிப் போனது. சங்கையாவும் அதிலேயே ஏறிக்கொண்டார்.

வீரணன் நகரவில்லை.

"கேட்டதுக்குப் பதில் சொல்லலையே அண்ணாச்சி" என்றான்.