முதலில் வந்தது வண்டி

கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்ததும் அந்த வீட்டில் முதலில் கொதிப்பது கறிக்குழம்பா, மாமனாரா என்று இளைய மருமகள் வினோலியா சிரிப்பாள். அவளுடைய மாமனார் உபகாரசாமி மேட்டூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூத்த மகன் சகாயராஜ் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வாங்கி, ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடும் தொழிலில் இறங்கியபோது குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். யூனியன் மேடைகளில் பேசிப் பழகிய தொண்டை. அன்றைக்கும் இலை போடுவதற்குள் பேப்பரை விரித்துக்கொண்டார்.

“பாத்தியா ஜெர்ரி, டெல்லியில பெரிய பெரிய ஆளுங்க சர்ச்சுக்குப் போயி மெழுகுவத்தி ஏத்தறாங்களாமா. முதல் பக்கத்துல படம் போட்டிருக்குது. உள்பக்கம் பாரு, கேரல் பாடப் போன பொம்பளைங்கள நடுரோட்டுல நிறுத்தி, மதம் மாத்த வந்தீங்களான்னு வெரட்டியிருக்கறானுங்க. முதல் பக்கத்துல ஒரு நாடு, உள்பக்கத்துல ஒரு நாடு!”

“சாப்பிட்டுட்டுப் பேசுங்களேன்” என்றாள் அந்தோணிமேரி, கணவரின் இலையில் கறியை வைத்தபடி.

“பிடிச்ச சாமியக் கும்பிடலாம்னு அரசியல் சட்டத்துல எழுதியிருக்குது மேரி. அதுக்கு மேல மாநிலத்துக்கு ஒரு மதமாற்றத் தடைச் சட்டம் போட்டு, கும்பிடறதுக்கு முன்னால கலெக்டருகிட்டச் சொல்லோணும்னா அது என்ன சட்டம்? கேள்வி கேக்க ஒருத்தனுக்கும் முதுகெலும்பு இல்ல.”

இளையவன் ஜெர்ரி குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆனால் அப்பா குரலை உயர்த்த உயர்த்த அவனுக்குள் ஏதோ இதமாக இருந்தது. நாட்டைத் திட்டுவதுபோல அவர் தனக்காகத்தான் பேசுகிறார் என்று நினைத்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு அவன் வடக்கே, அண்ணனின் ரிக் வண்டியோடு இருந்தான். அவன்தான் மேனேஜர். ஊருக்கு வெளியே கூடாரம் அடித்திருந்தார்கள். துளை போடும் டிரில்லர் ஆண்டி மேச்சேரிக்காரர், சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். அவரே ஏணி வைத்து ஏறி வண்டியின் உச்சியில் நட்சத்திரம் கட்டினார். ஜெர்ரி கேக் வாங்கி வந்தான். தமிழில் இரண்டு பாட்டுப் பாடினார்கள். கூட வேலை செய்த உள்ளூர்க் கூலிக்காரர்களும் கேக் சாப்பிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. பைக்கில் ஒரு கூட்டம் வந்தது, அதன் பின்னாலேயே போலீஸ் வந்தது. ஏழைகளுக்குத் தின்பண்டம் கொடுத்து மதம் மாற்றியதாக ஜெர்ரி மேல் வழக்கு. அவனைச் சிறையில் வைத்தார்கள். வண்டியை ஸ்டேஷன் வாசலில் நிறுத்திக்கொண்டார்கள்.

ஜாமீன் கிடைக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. வெளியே வந்தபோது சிறைவாசலில் சகாயராஜ் நின்றிருந்தான். தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதான். “உன்னையும் வண்டியையும் ஒண்ணா வெளிய எடுக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போயி உசுரு வந்துருச்சுடா” என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக இந்த வருடம் முழுவதும் ஜெர்ரி அண்ணனின் முகம் பார்த்து நடந்தான். ஆண்டி மட்டும் காரணம் எதுவும் சொல்லாமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஜெர்ரிக்கு அது பெரிய வருத்தம்.

எல்லோரும் கை கழுவும்போது சகாயராஜ் சொன்னான்: “சாயங்காலம் சங்ககிரி ரோட்டு மண்டபத்துல ரிக் ஓனருங்க எல்லாருஞ் சேந்து கிறிஸ்துமஸ் விழா வெச்சிருக்கறோம். குடும்பத்தோட வரோணும். ஜெர்ரி, நீ கண்டிப்பா வரோணும்.”

மண்டப வாசலில் இறங்கியதும் ஜெர்ரியின் கால் நின்றுவிட்டது. தோரணத்துக்குப் பதிலாகக் கட்சிக் கொடிகள். அவனைப் பிடித்துக் கொடுத்த கூட்டத்தின் கழுத்துத் துண்டில் இருந்த அதே நிறம். மேடையில் பெரிய நட்சத்திரம், அதற்கு மேல் தலைவர்களின் படங்கள்.

“என்னண்ணா இது?”

“சத்தம் போடாத. ஓட்டுப் போடச் சொல்றனா? நம்ம தொழில் ஓடறது பூராவும் வடக்க. அனுசரிச்சுத்தான் போகோணும். வந்து உக்காரு.”

ஜெர்ரி அப்பாவைப் பார்த்தான். அந்த இடத்திலேயே திரும்பி நடந்துவிடுவார் என்று நினைத்தான். உபகாரசாமி செருப்பைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். முன்வரிசையில் அவருக்கு நாற்காலி போட்டிருந்தது.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் பாடினார்கள். பிறகு கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் தண்டாயுதபாணி மைக்கைப் பிடித்தார். இந்த நாட்டில் சிறுபான்மையினருக்கு ஒரு குறையும் இல்லை, குறை சொல்பவர்கள் எல்லாம் வெளிநாட்டுப் பணம் வாங்குகிறவர்கள் என்று கொஞ்ச நேரம் பேசினார். கைதட்டினார்கள்.

“இப்ப ஒரு உத்தமமான மனுசனப் பத்திச் சொல்லோணுங்க. நம்ம சகாயராஜ். போன வருசம் வடக்க இவரு தம்பி ஒரு தப்புல மாட்டிக்கிட்டாரு. வண்டியையும் புடிச்சுட்டாங்க. இவரு என்றகிட்ட ஓடியாந்தாரு. நான் கேட்டேன், வண்டிக்குப் பேசோணுமா, தம்பிக்குப் பேசோணுமான்னு. இவரு என்ன சொன்னாரு தெரியுங்களா? ‘வண்டிய மட்டும் விடச் சொல்லுங்க. தம்பி விசயத்துல சட்டம் அது வேலையச் செய்யட்டும்’னாரு! ஒரே வாரத்துல வண்டி வெளிய வந்துருச்சு. பொறந்த தம்பின்னுகூடப் பாக்காம நாட்டோட சட்டத்த மதிச்சாரு பாருங்க, அவருக்குத்தான் இன்னைக்கு மாவட்ட சிறுபான்மைப் பிரிவுத் தலைவர் பொறுப்பு!”

கைதட்டல் மண்டபத்தை நிறைத்தது. சகாயராஜ் எழுந்து கும்பிட்டான். தோளில் சால்வை விழுந்தது. ஜெர்ரியின் காதில் அந்தச் சத்தம் எங்கோ தண்ணீருக்குள் கேட்பதுபோலக் கேட்டது. ஒரே வாரம். அந்த வாரம் அவன் சிறையில் காய்ச்சலோடு கிடந்தான். அண்ணன் வருவான், அண்ணன் வருவான் என்று பக்கத்தில் படுத்திருந்தவனிடம் தெரிந்த இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அந்தத் தம்பியும் வந்திருக்கறாருங்க. மேல வந்து கேக் வெட்டச் சொல்லிக் கேட்டுக்கறேன்!”

வினோலியா அவன் கையைப் பிடித்தாள். “போகாதீங்க.”

அவன் போனான். மேடையில் யாரோ கத்தியைக் கொடுத்தார்கள், அதை மேசையிலேயே வைத்துவிட்டு மைக்கை வாங்கினான்.

“நான் ஒரு தப்பும் பண்ணலீங்க. கேக் வாங்கிக் குடுத்தேன், ரெண்டு பாட்டுப் பாடினேன். நீங்களும் இப்ப அதத்தான பண்ணிட்டிருக்கறீங்க? உங்க மேல ஏனுங்க கேஸ் போடல?”

அடுத்த வார்த்தைக்குள் மைக்கை யாரோ அணைத்துவிட்டார்கள். மைக் இல்லாமலே அண்ணன் பக்கம் திரும்பினான்.

“வண்டியும் நானும் ஒண்ணா வந்தம்னு சொன்னியேண்ணா.”

“ஊட்டுல போயிப் பேசிக்கலாம்” என்று சகாயராஜ் பல்லைக் கடித்தான். முகத்தில் மட்டும் சிரிப்பு அப்படியே இருந்தது, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்ரி இறங்கி வெளியே வந்தான். வினோலியாவும் அம்மாவும் பின்னாலேயே வந்தார்கள். அப்பா கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தார். நால்வரும் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார்கள்.

கூடத்தில் மின்விசிறியைப் போட்டுவிட்டு உபகாரசாமி உட்கார்ந்தார். ஜெர்ரி நின்றுகொண்டே கேட்டான்.

“உங்களுக்குத் தெரியுமாப்பா?”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தோணிமேரி கணவரைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது.

“ஏனுங்க, அவன் கேக்கறான்ல? தெரியாதுன்னு சொல்லுங்க.”

“மேரி, வண்டி மேல பேங்குக் கடன். வண்டி போனா ஊடு போயிரும். ஜெர்ரிக்கு எப்படியும் ஜாமீன் கெடைக்கும்னு வக்கீல் சொன்னாரு. ரெண்டுக்கும் ஒரே நேரத்துல பேசினா ரெண்டும் நடக்காதுன்னு சகாயம் சொன்னான். நான் சரின்னேன்.”

“நீங்களா சரின்னீங்க?”

“அந்த நேரத்துல வேற வழி தெரியல.”

“நான் அன்னாடும் கோயில்ல முட்டி போட்டுட்டுக் கெடந்தனே,” என்றாள் அந்தோணிமேரி. “வண்டி வெளிய வந்துருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லலியே. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துக்கிட்டேன்னு சொன்னப்பவும் தலைய ஆட்டிட்டு நின்னீங்களே!”

ஜெர்ரிக்கு அண்ணன் மேல் வந்த கோபம்கூட இப்போது பின்னுக்குப் போய்விட்டது. அண்ணன் வியாபாரி. இவர் வருடம் முழுக்கச் சாப்பாட்டு வேளையில் நியாயம் பேசியவர். தான் கேட்டுக் கேட்டு ஆறுதல் அடைந்த அத்தனை பேச்சும் இவர் யாரை ஏமாற்றப் பேசியது? அவனையா, தன்னையேயா?

மறுநாளே ஜெர்ரியும் வினோலியாவும் குமாரபாளையத்தில் அவள் அக்கா வீட்டு மாடிக்குக் குடிபோனார்கள். கிளம்பும்போது சகாயராஜ் கீழே வரவில்லை. ஜெர்ரி மேச்சேரிக்குப் போய் ஆண்டியைப் பார்த்தான். ஆண்டி ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார்.

“வண்டிய எடுத்துட்டுக் கெளம்புன்னு உங்கண்ணன் சொன்னாருங்க தம்பி. உங்கள உள்ள வெச்சுட்டு நான் எப்படீங்க ஏறுவேன்? மாட்டேனுட்டேன். வேற ஆள அனுப்பினாரு. உங்ககிட்டச் சொன்னா அண்ணந்தம்பி நடுவால விரிசல் வந்துருமேன்னு வாய மூடிக்கிட்டேன்.”

“கோர்ட்டுல நடந்ததச் சொல்ல வருவீங்களா?”

“எப்பன்னு சொல்லுங்க. வாரேன்.”

வழக்கின் வாய்தா ஜனவரியில் வந்தது. தன் கட்சி வக்கீலை அனுப்புவதாக சகாயராஜ் போன் செய்தான். வேண்டாம் என்று ஜெர்ரி வைத்துவிட்டான். சேலம் ஜங்ஷனில் அவனும் ஆண்டியும் வண்டி ஏறி உட்கார்ந்த பிறகு, பிளாட்பாரத்தில் உபகாரசாமி வேகமாக வருவது தெரிந்தது. கையில் சாப்பாட்டுப் பொட்டலம். பெட்டிக்குள் ஏறி மூச்சு வாங்கினார். முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு இளைத்திருந்தார்.

“அம்மா கட்டிக் குடுத்தா” என்றார்.

ஜெர்ரி எழுந்து அவருக்கு இடம் விட்டான். அவர் உட்காரவில்லை. ஏதோ சொல்ல வந்து தயங்கினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று ஜெர்ரிக்குத் தோன்றியது. கேட்டால் என்ன சொல்வது என்றுகூட ஒரு கணம் யோசித்துவிட்டான்.

“சாமி,” என்றார் உபகாரசாமி, குரலைத் தாழ்த்தி. “அங்க கோர்ட்டுல அண்ணன் பேர மட்டும் எடுத்தராத. இப்பத்தான் பொறுப்புக்கு வந்திருக்கறான்.”

ஆண்டி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“வண்டி கெளம்பப் போகுதுங்கப்பா,” என்றான் ஜெர்ரி. “எறங்குங்க.”